மடியில் ஒரு நெருப்பு

‘மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது போல’ என்று நம் பெரியவர்கள் ஓயாத கவலையைக் குறித்துச் சொல்வது வழக்கம். ஆனால், குடும்பத்துடன் மலைப் பிரதேசங்களுக்குப் புறப்படுகிறவர்கள் விஷயத்திலும், ஐப்பசி கார்த்திகையில் கடலோர ஜில்லாக்களில் புயலை எதிர்பார்த்திருப்பவர்கள் விஷயத்திலும், மடியில் நெருப்பு இல்லாமல் இருப்பதுதான் கவலைக்கு உரியது என்று நமக்குத் தோன்றுகிறது.

பிரயாணத்துக்கு மூட்டை கட்டும்போது நம் வீடுகளில் எதை மறந்தாலும் ஊறுகாயை மறப்பதில்லை. புளியோதரையும் தயிர் சாதமும் முறுக்குச் சம்புடமும் முதலில் வண்டி ஏறிவிடுகின்றன. மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டு, மண் சரிந்து, வண்டி நின்றுபோய், குழந்தைகளின் பற்கள் கிடுகிடுக்க ஆரம்பித்த பிறகுதான், “தீப்பெட்டி எங்கே?” என்ற கேள்வி பிறக்கிறது. “நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன்!” என்பாள் வீட்டு அம்மாள். “அது சமையலறைச் சாமான் ஆயிற்றே!” என்பார் ஐயா. இந்தச் சம்பாஷணையினால் யாருக்கும் குளிர் விட்டதாகத் தெரியவில்லை.

இதில் ஒருவரையும் குறை சொல்வதற்கில்லை. நெருப்பு என்பது பாடுபட்டு உண்டாக்கிப் பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டிய வஸ்து என்பதே நமக்கு மறந்துவிட்டது. நம் பாட்டிமார் இரவில் அடுப்பை அணைக்கமாட்டார்கள். தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். காலையில் சாம்பலைக் கிளறி ஊதினால் கண் விழித்துக்கொள்ளும். அது அணைந்துபோயிருந்தால், கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கி வருவார்கள். அவர்களுக்கு முந்தியவர்கள் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினார்கள். யாகசாலைகளில் அரணிக்கட்டையைக் கடைந்து அக்கினியை உண்டாக்கினார்கள். நாமோ குமிழைத் திருகுகிறோம், விசையை அழுத்துகிறோம், நீல ஜ்வாலை வந்து நிற்கிறது. குமிழ் இல்லாத இடத்துக்குப் போனால்தான் நம்முடைய வித்தை எவ்வளவு என்பது வெளியாகிறது.

சிலர் மிகுந்த முன்யோசனையுடன் காஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அது காஸ் அடுப்புக்கு முன்னால்தான் சூரன். அதற்குள்ளே இருக்கும் ஒரு படிகத்தைச் சுத்தி ஒன்று அடிக்கும்போது மின்பொறி பாய்கிறது. அந்தப் பொறி காஸைப் பற்றவைக்கும். காகிதத்தையோ சுள்ளியையோ பற்றவைக்காது. மலை மேல் அதனால் உண்டாவது ‘டிக், டிக்’ என்ற சப்தம் ஒன்றே.

* * *

வெளியிடத்தில் நெருப்பு எதற்காக? காப்பி போடுவதற்காக என்று சொல்பவர்களோடு நமக்கு விரோதம் இல்லை. ஆயினும் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குளிரினால் உயிருக்கு ஆபத்து வர வேண்டுமானால் பனிக்கட்டி உறைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. மழையில் நனைந்த உடுப்புடன் காற்றில் நிற்பவனுக்கு, வெப்பமானி பத்து டிகிரி காட்டும்போதே அபாயம் வரக்கூடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்துகிறது. உடம்பின் உள் உஷ்ணம் 37 டிகிரி அளவிலிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால், முதலில் நடுக்கம், பிறகு நாக்குக் குழறல், பிறகு புத்தித் தடுமாற்றம் என்று வரிசையாக வந்து சேரும். நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால், அது குணத்தின் அடையாளம் அல்ல. ஆபத்து முற்றியதன் அடையாளம்.

இப்படிப்பட்ட சமயத்தில் முதல் சிகிச்சை ஈர உடுப்பைக் களைந்து உலர்ந்ததை உடுத்துவது, இரண்டாவது, காற்றுக்கு ஒதுங்குவது, மூன்றாவதுதான் நெருப்பு. ஆனால் மாற்றுத் துணியும் நனைந்துபோயிருந்தால் மூன்றாவதே முதலாவதாகிவிடும். அப்பொழுது ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். குளிரில் முதலில் மரத்துப் போவது விரல்கள்தான். மரத்துப் போன விரல்களால் மெல்லிய குச்சியைப் பிடிக்க முடியாது. சின்னச் சக்கரத்தைச் சுழற்ற முடியாது. இறுக்கிப் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாது. ஆகையால் அவசரத்துக்கு உரிய சாமான்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘இது வீட்டுக் கூடத்தில் எரிகிறதா?’ என்று பார்த்தால் போதாது. ‘ஈரத்தில், காற்றில், உணர்ச்சியற்ற விரல்களால் இதை உபயோகிக்க முடியுமா?’ என்பதே பரீட்சை.

இந்தப் பரீட்சைக்கு ஒவ்வொரு சாமானாக அழைப்போம்.

* * *

முதலில் வர வேண்டியது நம் தீப்பெட்டி. 1827-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சிகளை விற்க ஆரம்பித்தார். பின்னால் வந்தவர்கள் அதில் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அந்தக் குச்சிகள் எங்கே தேய்த்தாலும் பற்றின. ஆனால் அவற்றைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகிப்போயிற்று. 1844-ல் ஸ்வீடன் தேசத்துக் குஸ்டாப் பாஷ் என்பவர் தீங்கற்ற சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் உரசும் பட்டையில் வைக்கலாம் என்று கண்டுபிடித்தார். இன்று நாம் உபயோகிப்பது அந்த வகையே. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்தால்தான் தீ. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி நம் தேசத்தில் 1913-ம் வருஷத்துச் சட்டத்தினால் தடுக்கப்பட்டது.

அந்நாட்களில் நம் வீடுகளில் எரிந்த குச்சிகளில் பெரும்பாலானவை ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை. நம் அடுப்பில் நாமே மூட்டும் தீக்குக்கூட அந்நியனுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தோம். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மறு வருஷம் வேலையைத் தொடங்கினார்கள். அதே 1923-ம் வருஷத்தில்தான் ஸ்வீடன் தேசத்துப் பெரிய கம்பெனி இந்தியாவில் தன்னுடைய தொழிற்சாலைகளை நிறுவுவதற்கு ஒரு கிளையை ஏற்படுத்தியது. யந்திர பலமும் பண பலமும் கொண்ட அந்தப் போட்டியின் முன்னால், மழை குறைந்த வறண்ட சீமையின் வெயிலையும் மக்களின் கைகளையும் மட்டும் நம்பி நின்றது சிவகாசி. நின்றது மட்டுமல்ல, வென்றது. அந்த வெற்றியில் பல காலம் சின்னஞ்சிறு குழந்தைகளின் விரல்களும் சேர்ந்திருந்தன என்பதையும் மறைக்கலாகாது. அபாயத் தொழில்களில் குழந்தைகளை வைத்து வேலை வாங்குவதைத் தடுக்க 1986-ல் சட்டம் வர வேண்டியிருந்தது. எல்லாச் சாமானும் விலை ஏறிய காலத்தில், 14 வருஷம் ஒரு ரூபாய்க்கே விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாய் ஆயிற்று.

இவ்வளவு பெருமையுள்ள தீப்பெட்டிக்கு ஒரே சத்துரு ஈரம். குச்சியின் தலை நனைந்தால் இளகிப் போகும். அதைவிட முக்கியம், பலரும் கவனிக்காதது, உரசும் பட்டை நனைந்தால் உள்ளே ஐம்பது நல்ல குச்சிகள் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே பெட்டியை அப்படியே பையில் போடுவது வீண். குச்சிகளை எடுத்துத் திருகு மூடியுள்ள சிறு புட்டியில் போட்டு, பட்டைத் துண்டுகள் இரண்டை வெட்டி, அவற்றைத் தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்து அதே புட்டியில் வைக்க வேண்டும். குச்சித் தலையும் பட்டையும் நேராக உரசும்படி கலந்து வைத்தால், குலுங்கும்போது பற்றிக்கொள்ளக்கூடும். இன்னும் ஜாக்கிரதையானவர்கள் உருக்கிய மெழுகில் குச்சித் தலையைத் தோய்த்து எடுத்து ஆற வைக்கலாம். உபயோகிக்கும்போது நகத்தால் மெழுகைச் சுரண்டிவிட்டு உரச வேண்டும்.

அடுத்தவர், பாக்கெட் லைட்டர். விரல் நன்றாக இருக்கிறவரையில் இதைப் போல் சௌகரியமானது வேறில்லை. ஒரு தீப்பெட்டியில் உள்ளதைவிடப் பன்மடங்கு தடவை எரியும். ஆனால் அதற்குள் இருக்கும் பியூட்டேன் என்ற திரவம் பூஜ்ய டிகிரியை ஒட்டி ஆவியாக மறுத்துவிடும். நம் ஊட்டியில் தை மாதத்து விடியற்காலையிலேயே சுணங்கும். இமயத்தில் கேட்கவே வேண்டாம். சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடாக்கினால் மறுபடியும் வேலை செய்யும். சக்கரம் நனைந்தால் துடைத்து உலர்த்த வேண்டும். மேலும் ஒரு சமாசாரம்: அந்நிய நாட்டிலிருந்து வந்து குவிந்த மலிவு லைட்டர்களால் சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கங்களில் அநேகம் குடும்பங்களின் பிழைப்புக் கெட்டது. 2023-ல் இந்திய சர்க்கார் 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதியைத் தடுத்தார்கள். லைட்டர் வேண்டும் என்பவர்கள் நம் நாட்டில் செய்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவதாக வருகிறவர் சற்றே புதியவர். ‘ஃபெர்ரோ ராடு’ என்று கடைகளில் சொல்லும் தீப்பொறிக் கோல். சுண்டுவிரல் பருமனுள்ள கறுப்புக் கோல். கூட ஒரு சிறு எஃகுத் தகடு. தகட்டால் கோலை அழுத்திச் சீவினால், மத்தாப்புப் போலப் பொறி கொட்டும். தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தாலும் பொறி வரும். எத்தனை குளிரானாலும் வரும். ஆயிரக்கணக்கான தடவை வரும். முழுக் கையாலும் பற்றிச் சீவலாம் ஆகையால் மரத்த விரல்களுக்கும் ஏற்றது. லைட்டரின் சக்கரத்தடியில் ‘கல்’ என்று நாம் சொல்வதும் இதே உலோகக் கலவையின் துணுக்குத்தான்.

இந்தக் கோலைப் பற்றிய ஒரு கதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. காஸ் விளக்குக்கு மாண்டில் கண்டுபிடித்த ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் அவுயர் என்பவரே 1903-ல் இந்தக் கலவையையும் கண்டுபிடித்தார். மாண்டில் செய்யத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் என்ற மணல் வேண்டும். மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்த பிறகு, சீரியம் முதலிய அபூர்வ உலோகங்கள் வேண்டாத கழிவாகக் குவிந்து கிடந்தன. அந்தக் கழிவை இரும்புடன் சேர்த்தபோதுதான், சீவினால் பொறி கக்கும் இந்தக் கலவை பிறந்தது. 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி, திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்த மணல் எங்கே கிடைத்தது? மணவாளக்குறிச்சியில், இன்றைக்குக் கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்த கடற்கரையில். சில வருஷங்களுக்குள் அங்கே மணல் வாரும் தொழிற்சாலை எழுந்தது. மணல் மூட்டை மூட்டையாக அந்நிய தேசம் போயிற்று. விளக்கின் மாண்டிலாக நம் கடைகளுக்கே திரும்பி வந்து நம்மிடம் காசு வாங்கியது. நம் கயிற்றில் ஒட்டிய தூசியின் விலை நமக்குத் தெரிவதற்குள் ஊரார் தெரிந்துகொண்டார்கள். சுதந்தரத்துக்குப் பிறகு, 1950-ல் இந்திய அபூர்வ மண் கம்பெனி தோன்றி, பின்னால் மணவாளக்குறிச்சியின் மணல் தேசத்தின் சொத்தாயிற்று.

* * *

பொறி கிடைத்துவிட்டால் நெருப்பு கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. நெருப்பை வளர்ப்பது குழந்தையை வளர்ப்பது போல. பிறந்த நாளிலேயே விருந்துச் சாப்பாடு போடக்கூடாது. பொறிக்குப் பஞ்சு, பஞ்சுக்கு ஈர்க்குச்சி, ஈர்க்குச்சிக்குச் சுள்ளி, சுள்ளிக்கு விறகு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பருத்ததாக இருக்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்து நேரே விறகில் காட்டுகிறவர் பெட்டி முழுவதையும் காலி செய்வார். விறகு அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

பஞ்சு வகையில் நம் தேசத்துக்குக் கடவுள் குறை வைக்கவில்லை. இலவம்பஞ்சுக்கு மெழுகுத் தன்மை இருப்பதால் தண்ணீரை லேசில் ஏற்காது; பொறி பட்டதும் பற்றும். ஆனால் கண்ணிமைப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். சாதாரணப் பருத்திப் பஞ்சில் வாஸலைனைத் தேய்த்துப் பிசைந்து வைத்துக்கொண்டால், ஓர் உருண்டை சில நிமிஷம் நின்று எரியும். உபயோகிக்கும்போது அதைப் பிய்த்து நூல் நூலாக உதறிக்கொள்ள வேண்டும்; இறுக்கமான உருண்டை பொறியை வாங்காது. இலவம்பஞ்சைப் பொறி வாங்குவதற்கும் வாஸலைன் பஞ்சை நின்று எரிவதற்கும் சேர்த்து வைத்துக்கொள்வது உத்தமம். தென்னந்தோப்பில் அகப்பட்டுக்கொண்டவருக்குப் பன்னாடையும் தேங்காய்நாரும் போதும். நன்கு உலர்ந்த கொட்டாங்கச்சி, ஒரு தடவை பற்றினால் ஈரச் சுள்ளியையும் காயவைத்து எரிக்கும்.

நம் வீட்டுப் பூஜை அறையிலேயே முதல்தரமான சாமான் ஒன்று இருக்கிறது. அதுதான் கர்ப்பூரம். ஈரத்தரையில் வைத்தாலும், தண்ணீர்த் துளி பட்டாலும், தீ காட்டியதும் எரியும். அக்காலத்தில் கர்ப்பூர மரத்திலிருந்து காய்ச்சி எடுத்தார்கள். இப்பொழுது பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து செய்கிறார்கள். எப்படிச் செய்தாலும் காற்றில் கரைந்து மாயமாவது அதன் சுபாவம். ஆகையால் இறுக மூடும் சம்புடத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பொறி மட்டும் போதாது, சிறு தீயாவது வேண்டும். பஞ்சு பற்றியதும் அதன் நடுவில் ஒரு வில்லையை வைத்தால் சுள்ளிக்கு வேண்டிய அவகாசம் கிடைக்கும். தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கர்ப்பூரம் குழந்தைகளுக்கு விஷம். கொஞ்சம் விழுங்கினாலும் வலிப்பு உண்டாகும். மிட்டாய் போன்ற வெள்ளை வில்லையைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் பையில் வைக்க வேண்டாம்.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தித்தாள் நன்றாகப் பற்றும். வழவழப்பான படத்தாள்களில் வெண்களிமண் பூசியிருப்பதால் அவை சுருண்டு புகையுமே தவிரச் சுலபத்தில் எரியாது. எனவே சித்திரப் பத்திரிகைகளைப் படித்த பிறகு பத்திரமாக வைத்திருப்பதே நல்லது என்று நேயர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம். இதில் நமக்குச் சுயநலம் இல்லையென்று சொல்லமாட்டோம்.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் இந்தப் பட்டியலில் வரவில்லையே என்று கேட்கலாம். வரவேண்டியதில்லை. பெட்ரோலின் ஆவி தரையோடு பரவிப் போய்த் தீயைத் தேடிப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். கைக்குப் பூசும் கிருமிநாசினிச் சாராயமும் எரியும். ஆனால் பகலில் அதன் ஜ்வாலை கண்ணுக்குத் தெரியாது, கை சுட்ட பிறகுதான் தெரியும்.

* * *

இனி, எவ்வளவு எடுத்துச் செல்வது? உள்ளங்கையில் அடங்கும் எவர்சில்வர் சம்புடம் ஒன்று போதும். அதில் ஒரு லைட்டர். ஒரு தீப்பொறிக் கோல். புட்டியில் இருபது குச்சிகள். ஐந்தாறு வாஸலைன் பஞ்சு உருண்டைகள். ஒரு பிடி இலவம்பஞ்சு. நாலு கர்ப்பூர வில்லை. ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. இவற்றுள் ஒன்று கைவிட்டால் மற்றொன்று கைகொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துவிட்டு அந்தப் பையை ஆற்றில் விடாமலிருக்க, ஒரு லைட்டராவது சட்டைப் பையில் தனியே இருக்கட்டும்.

ரயிலிலும் விமானத்திலும் போகிறவர்கள் இந்த மூட்டையைக் கட்டவே வேண்டாம். தீப்பற்றும் சாமான்களை அவற்றில் கொண்டுபோவதற்குக் கடுமையான தடைகள் இருக்கின்றன, காரணத்தோடுதான் இருக்கின்றன. 2023-ம் வருஷம் ஆகஸ்டு 26-ந் தேதி மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தி வைத்திருந்த யாத்திரிகர் பெட்டியில், விதிக்கு விரோதமாகக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரினால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். விடியற்காலையில் காப்பி போடும் ஆசைக்குக் கொடுத்த விலை அது. போய்ச் சேரும் ஊரில் இரண்டு ரூபாய்க்குத் தீப்பெட்டி கிடைக்காமல் போகாது.

மழையில் தீ மூட்டும் முறையும் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஈர விறகு ஏன் எரியவில்லை? அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும்வரை தீயின் உஷ்ணத்தையெல்லாம் அதுவே குடித்துவிடுகிறது. ஆனால் தரையில் கிடக்காமல், நிமிர்ந்தோ சாய்ந்தோ காய்ந்து நின்ற கட்டையானால், மேல்பட்டை நனைந்தாலும் வயிரம் உலர்ந்தே இருக்கும். அதைப் பிளந்து உட்பகுதியைச் சீவி, சீவலைக் கட்டையிலிருந்து அறுந்து விழாமல் சுருளாக விட வேண்டும். ஈரத்தரையின் மேல் நாலைந்து குச்சிகளைப் பாயாகப் பரப்பி, அதன்மேல் பஞ்சை வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மூட்ட வேண்டும். மூட்டுவதற்கு முன்னாலேயே நினைத்ததற்கு இரண்டு பங்கு சுள்ளி பக்கத்தில் இருக்க வேண்டும். தீ பற்றிய பிறகு சுள்ளி தேடப் போகிறவர் திரும்பி வரும்போது சாம்பலைத்தான் பார்ப்பார்.

இது மலைக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. 2018 நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்துப் பக்கம் கரை ஏறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. கிராமங்களில் நாட்கணக்காக, சில இடங்களில் வாரக்கணக்காக, மின்சாரம் இல்லை. வீட்டை இழந்து சாலையோரத்தில் நின்ற குடும்பங்களுக்கு ஈர மட்டையை எரித்துக் கஞ்சி காய்ச்சத் தெரிந்திருந்தது பெரிய செல்வமாயிற்று. பட்டணத்து வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் செல்வம் வேண்டாம் என்று எந்தப் புயலும் எழுதிக் கொடுக்கவில்லை.

* * *

இத்தனையும் சொன்ன பிறகு, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்ல வேண்டும். தீ மூட்டத் தெரிந்தவன் பாதி படித்தவன். எங்கே மூட்டக்கூடாது என்று தெரிந்தவனே முழுதும் படித்தவன்.

2018-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி, தேனி ஜில்லாக் குரங்கணி மலையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விடுமுறைக்கு மலை பார்க்கப் போன வாலிபர்களும் பெண்களும், காய்ந்த புல்மேட்டில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டதால், இருபது பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலப் படித்து வேலை பார்த்துவந்தவர்கள். மாசி பங்குனி மாதங்களில் நம் மலைகளிலுள்ள புல் காகிதத்தைப் போலக் காய்ந்திருக்கும். தீக்கு மேடு ஏறுவது பள்ளம் இறங்குவதைவிடச் சுலபம். மேலே உள்ள புல்லை அதன் ஜ்வாலையே முன்கூட்டிக் காயவைத்துவிடுகிறது. மேட்டில் ஓடும் மனிதனைத் தீ எட்டிப் பிடித்துவிடும். ஒரு குச்சி போதும். ஒரு மலை போய்விடும்.

ஆகையால் காப்புக் காடுகளில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். வெள்ளியங்கிரி, சதுரகிரி முதலிய இடங்களுக்கு யாத்திரை போகும்போது வனத்துறையார் பையைச் சோதித்துத் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டால், கோபித்துக்கொள்ளாமல் கொடுத்துவிட வேண்டும். அங்கே குளிருக்குப் பரிகாரம் கம்பளியும், உலர்ந்த மாற்று உடுப்பும், மழைக் காகிதமும், புட்டியில் சூடான கஞ்சியுமே. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார் நாற்பது மலைப்பாதைகளை வழிகாட்டிகளுடன் ஏற்பாடு செய்து திறந்துவிட்டார்கள். வழிகாட்டி இருக்கும் பாதையை விட்டு வழியில்லாத பாதையில் போவதை வீரம் என்று நினைக்க வேண்டாம்.

தீ மூட்ட அனுமதியுள்ள முகாமிலும், சொந்தத் தோட்டத்திலும், ஆற்று மணலிலும்கூட, சுற்றிலும் இரண்டு கஜம் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்ட பிறகே குச்சியைக் கிழிக்க வேண்டும். அணைக்கும்போது, தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, சூடில்லை என்று கண்ட பிறகே நகர வேண்டும். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் போதாது. பாட்டி சாம்பலால் மூடித் தணலைக் காப்பாற்றிய அதே வித்தை அது!

கரியடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்குவது மற்றொரு விபரீதம். மலை ஊர்களில் அப்படித் தூங்கியவர்கள் விழிக்காமலே போன செய்திகள் பல முறை வந்திருக்கின்றன. கரியிலிருந்து எழும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லை என்பதால் அபாயம் இல்லை என்று ஆகிவிடாது.

கடைசியாக ஒரு யோசனை. வருகிற விடுமுறை நாள் ஒன்றில், கொல்லைப்புறத்திலோ, கொல்லை இல்லாதவர்கள் மொட்டைமாடியில் ஒரு மண்சட்டியிலோ, மேலே சொன்ன சாமான்களைக் கொண்டு, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளைத் தீ மூட்டச் சொல்லுங்கள். சுள்ளியை வேண்டுமென்றே நனைத்துக் கொடுங்கள். முதல் நாள் புகைதான் வரும். மறு நாள் தீ வரும். அதில் ஒரு டம்ளர் வெந்நீர் காய்ச்சிய பிறகு, அணைக்கும் வேலையையும் அவர்களையே செய்யச் சொல்லுங்கள். பையனுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துப் பெண்ணை விட்டுவிட வேண்டாம். மழையும் புயலும் அப்படிப் பார்த்து வருவதில்லை. சம்புடம் பையில் இருந்தால் மட்டும் போதாது. அதைத் திறக்கத் தெரிந்த கையும், திறக்க வேண்டாத இடத்தை அறிந்த புத்தியும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும்.